ஊரெல்லாம் சிறுதானிய மோகம்... கொல்லிமலையில் மட்டும் ஏன் மரவள்ளி? உரல் சொன்ன பதில்!

சென்னை, கோவை, மதுரைன்னு எந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் சாமை, தினை, வரகு பாக்கெட்டுகளுக்கு இன்று தனி அலமாரி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் முதல் உடற்பயிற்சிக் கூடம் போகும் இளைஞர்கள் வரை தேடி வாங்குகிறார்கள். 2023-ம் ஆண்டை சர்வதேச சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது ஐ.நா. சபை. அதை முன்மொழிந்ததே இந்தியாதான்.

ஆனால், தலைமுறை தலைமுறையாக இதே சாமையையும் தினையையும் விளைவித்து வந்த கொல்லிமலையில், பல சரிவுகளில் இன்று நிற்பது மரவள்ளி.

கேட்கிற விலை கிடைக்கும்போது விவசாயி ஏன் அந்தப் பயிரை விட்டான்? 'விழிப்புணர்வு போதவில்லை', 'நல்ல விதை இல்லை', 'நவீன தொழில்நுட்பம் போய்ச் சேரவில்லை'... இப்படித்தான் பொதுவாக பதில் வரும். ஆனால், ஆராய்ச்சியாளர்கள் மலையேறிப் போய் அங்குள்ள பெண்களோடு உட்கார்ந்து பேசியபோது கிடைத்த பதில் வேறு. அது வயலில் இல்லை, வீட்டு வாசலில் கிடந்த உரலில் இருந்தது.

மலைப்பகுதி விவசாயத்தைக் காப்பாற்ற உலகம் முழுவதும் இப்போது பேசப்படும் 'பங்கேற்பு ஆராய்ச்சி' என்றால் என்ன? அது கொல்லிமலையில் எதைச் சாதித்தது, எதில் தடுமாறியது? விரிவாகப் பார்க்கலாம்.

கொல்லிமலையில் என்ன விளைந்தது?

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் மேலே போக முடியும். சுற்றுலாப் பயணிகளுக்கு ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடி மாதத்து வல்வில் ஓரி விழா என்று தெரிந்த இடம். அங்கே வசிப்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர். பெயரில் 'மலையாளி' இருந்தாலும் இவர்கள் தமிழ் பேசும் மக்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது.

இங்கே சாமை என்றால் ஒரே சாமை கிடையாது. கட்டவெட்டி சாமை, சடஞ்சாமை, மல்லிய சாமை, பெருஞ்சாமை என்று பல வகை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை. கேழ்வரகில் அரிசிக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு என்று அதுவும் நீளும். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று தாமதமாக விளையும். ஒன்று கல்லாங்காட்டிலும் தாக்குப்பிடிக்கும், இன்னொன்றுக்குக் கொஞ்சம் வளமான மண் வேண்டும்.

இத்தனை வகை எதுக்கு? மலையில் ஒரே விவசாயியின் நிலமே ஒரே மாதிரி இருக்காது. மேட்டில் ஒரு துண்டு, சரிவில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு. மழை முன்னே பின்னே ஆனால் எல்லா வகையும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடாது. ஒன்று போனாலும் இன்னொன்று வீட்டுக்கு வரும். பல வகை வைத்திருப்பதுதான் மலை விவசாயியின் பயிர்க் காப்பீடு.

அறுத்த தானியத்தை 'தொம்பை' எனப்படும் பாரம்பரியக் களஞ்சியத்தில் சேமிப்பார்கள். உமியோடு இருக்கும்வரை சிறுதானியம் வருடக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கு அதுதான் கையிருப்பு.

அப்புறம் மரவள்ளி எப்படி ஜெயித்தது?

மலைக்குக் கீழே சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் பெயர் போனது. ஆலை உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான 'சேகோசர்வ்' 1981-ல் சேலத்தில் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஆலைகளுக்கு மூலப்பொருள் மரவள்ளிக் கிழங்கு. இந்தப் பக்கத்து மக்கள் வாயில் குச்சிக்கிழங்கு.

மலை விவசாயியின் பார்வையில் இருந்து பார்த்தால் கணக்கு எளிது:

* மரவள்ளிக்கு வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. அறுவடையானதும் லாரி வரும், காசு வரும்.
* குச்சியை நட்டுவிட்டால் தினம் தினம் பார்க்க வேண்டியதில்லை.
* பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், கல்யாணம் என எல்லாவற்றுக்கும் இப்போது ரொக்கம் வேண்டும். சாமையைக் கொடுத்து கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது.

இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அது இலவசம். கழுவி உலையில் போட்டால் சோறு. சாமைக்கு அப்படி இல்லை. சாப்பாட்டுக்கு சாமையின் தேவை குறைந்தது, காசுக்கு மரவள்ளி வந்தது. இரண்டும் சேர்ந்து பயிரை மாற்றிவிட்டன.

இது கொல்லிமலைக்கு மட்டுமான கதை இல்லை. நாடு முழுவதும் சாமை, தினை, வரகு போன்ற சிறுதானியங்களின் பரப்பு 1960-களில் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 10 லட்சம் ஹெக்டேருக்கும் கீழே போய்விட்டது.

விதையில் தொடங்கி உரலில் நின்ற ஆராய்ச்சி

1990-களில் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கியது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்ட வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய அமைப்பு இது. அழிந்துவரும் பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம். எந்த ஊரில் எந்த ரகம் மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஊருக்குள்ளேயே விதை வங்கிகள் உருவாயின.

விதை இருக்கிறது. விதைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அப்புறமும் ஏன் விதைக்கவில்லை?

இந்த இடத்தில்தான் உரல் உள்ளே வருகிறது. சாமை, தினை, வரகு தானியங்களின் மேல் கெட்டியான உமி ஒட்டியிருக்கும். அதை நீக்கினால்தான் சமைக்கலாம். உரலில் போட்டு உலக்கையால் இடிக்கணும், முறத்தில் புடைக்கணும், உமி போகாததை மறுபடி இடிக்கணும். ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு வேலை. இதைச் செய்பவர்கள் பெண்கள். காட்டு வேலை, விறகு, தண்ணீர், சமையல் எல்லாம் போக இது தனி.

எனவே ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை ஓரம் வைத்தார்கள். அதில் 'விழிப்புணர்வு' குறைபாடு எதுவும் இல்லை. இடுப்பும் தோளும் வலிக்காத ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். சமைக்க முடியாத தானியத்தை எதற்கு விதைப்பது?

கவனித்தால் ஒன்று புரியும். கேழ்வரகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு இப்படி இடித்து நீக்க வேண்டிய கெட்டி உமி கிடையாது, நேராக மாவாக அரைத்துவிடலாம். களி, கூழ், அடை, புட்டு என்று கேழ்வரகு இன்றும் பல வீடுகளில் புழங்க இது முக்கியமான காரணம்.

ஆக, ஆராய்ச்சியின் கேள்வி 'எந்த ரகம் அதிக மகசூல் தரும்?' என்பதில் இருந்து, 'இந்த உமியை யார், எப்படி நீக்குவது?' என்பதற்கு மாறியது. ஊர்களில் சிறிய உமி நீக்கும் இயந்திரங்கள், மாவு அரைக்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. பல இடங்களில் அவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களே நடத்தின. 2001-ல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு வேகம் கொடுத்தது.

'பங்கேற்பு ஆராய்ச்சி'ன்னா என்ன?

பொதுவாக வேளாண் ஆராய்ச்சி நடக்கும் விதம் தெரிந்ததே. ஆய்வுப் பண்ணையில் ஒரு ரகத்தை உருவாக்குவார்கள். சோதிப்பார்கள். வெளியிடுவார்கள். பிறகு வேளாண் துறை அதை விவசாயியிடம் கொண்டுபோகும். விவசாயி கடைசியில் வருகிறார்.

பங்கேற்பு ஆராய்ச்சியில் விவசாயி முதலிலேயே வருகிறார். என்ன சிக்கல் என்று சொல்வதில் இருந்து, எதைச் சோதிப்பது, எது நல்லது என்று முடிவு செய்வது வரை அவருக்குப் பங்கு உண்டு.

உதாரணத்துக்கு, ஒரு விவசாயியின் வயலிலேயே ஐந்தாறு ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் விதைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞானி பார்ப்பது ஏக்கருக்கு எத்தனை கிலோ. விவசாயி பார்ப்பது வேறு:

* மாட்டுக்குத் தட்டை எவ்வளவு கிடைக்கும்?
* மழைக்காற்றில் சாயுமா?
* அடுத்த பயிருக்கு முன் நிலம் காலியாகுமா?
* இடிப்பதற்கு எளிதா?
* சோறு வடித்தால் ருசி எப்படி?

இதில் கடைசி இரண்டு கேள்விகளுக்கு பதில் சொல்லக்கூடியவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களைக் கேட்காமல் வெளியிடும் ரகம், ஆய்வறிக்கையில் முதலிடம் வாங்கினாலும் வயலுக்கு வராது.

ஆனால் 'பங்கேற்பு' என்ற வார்த்தையை எங்கே வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்பதுதான் பிரச்னை. வேளாண் ஆராய்ச்சி குறித்து எழுதிய ஸ்டீபன் பிக்ஸ் 1989-லேயே இதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். எளிமையாகச் சொன்னால்:

* ஒப்பந்தம்: விவசாயி நிலத்தையும் உழைப்பையும் கொடுப்பார். மற்றதெல்லாம் விஞ்ஞானியின் முடிவு.
* ஆலோசனை: விவசாயியிடம் கருத்து கேட்பார்கள். முடிவு விஞ்ஞானியுடையது.
* கூட்டு: ஆராய்ச்சி நடக்கும் காலம் முழுக்க இருவரும் சேர்ந்து வேலை செய்வார்கள்.
* சமநிலை: விவசாயிகள் தாங்களாகவே செய்துவரும் சோதனைகளை மதித்து, அதற்கு விஞ்ஞானி பலம் சேர்ப்பார்.

ஒரு திட்டம் 'விவசாயிகள் பங்கேற்புடன்' நடப்பதாக அறிவிப்பு வந்தால், இதில் எந்த நிலை என்று கேட்பது அவசியம். வயலில் பெயர்ப் பலகை நட்டு போட்டோ எடுப்பதும் பங்கேற்பு என்ற பெயரில்தான் நடக்கிறது.

ஒரு துறை மட்டும் ஏன் போதாது?

சாமை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பயிர் விஞ்ஞானிக்கு அது மகசூல் பிரச்னை. வீசி விதைப்பதற்குப் பதில் வரிசையாக விதைத்தால் விதை மிச்சம், களை எடுப்பது எளிது. மரவள்ளிக்கு நடுவே ஊடுபயிராகப் போட்டால் இடத்துக்கும் நஷ்டமில்லை.

பொறியாளருக்கு அது இயந்திரப் பிரச்னை. நெல்லுக்கு வடிவமைத்த இயந்திரத்தில் சாமையைப் போட்டால் பொடிப்பொடியாக நொறுங்கும். சாமை, தினை, வரகு மூன்றுக்கும் மணியின் அளவு வேறு, உமியின் கெட்டித்தனம் வேறு. ஒவ்வொன்றுக்கும் இயந்திரத்தை மாற்றி அமைக்க வேண்டும்.

ஊட்டச்சத்து நிபுணரின் கவலை இன்னொன்று. வெள்ளை வெளேர் என்று இருந்தால்தான் விற்கும் என்று அதிகமாகத் தீட்டினால், நார்ச்சத்தும் தாதுச்சத்தும் தவிட்டோடு போய்விடும். தீட்டாமல் விட்டால், உமி நீக்கிய அரிசியில் உள்ள கொழுப்பு காரணமாக சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கடையில் அதிக நாள் வைக்க முடியாது.

பொருளாதார நிபுணர் கேட்பது: மலையில் ஒருவரிடம் ஒரு மூட்டை, இன்னொருவரிடம் அரை மூட்டை. இதை யார் சேர்ப்பது, 70 வளைவுகள் இறக்குவது யார் செலவு?

சமூகவியலாளர் கேட்பது: மரவள்ளிக் காசு யார் கைக்குப் போகிறது? சாமை இடிக்கும் வேலை யார் தோளில் விழுகிறது?

இதில் எந்த ஒன்றை மட்டும் தீர்த்தாலும் மற்றது தடுக்கும். மகசூலை இரட்டிப்பாக்கினால் இடிக்கிற வேலையும் இரட்டிப்பாகும். இயந்திரம் வைத்தால் அதில் போட தானியம் வேண்டும். தானியம் வந்தால் வாங்க ஆள் வேண்டும். அதனால்தான் பல துறையினரும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 2011 முதல் 2014 வரை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து நடத்திய திட்டம் இப்படிப்பட்டதுதான். கொல்லிமலை, கேரளத்தின் வயநாடு, ஒடிசாவின் ஜெய்ப்பூர் ஆகிய மூன்று பகுதிகளில் பயிர், உணவு, வருமானம், பெண்களின் வேலைப்பளு எல்லாம் ஒன்றாகப் பார்க்கப்பட்டன.

பக்கத்து வயல்காரரும் முக்கியம். ஊர் முழுக்க தினை இருந்த காலத்தில் பறவைகள் தின்றது போக மிச்சம் வந்தது. ஒரே ஒருவர் மட்டும் தினை போட்டால் மொத்தப் பறவைக் கூட்டமும் அந்த ஒரு வயலில்தான் இறங்கும். அதாவது, தனி ஒரு விவசாயியைச் சம்மதிக்க வைத்து இந்தப் பயிரை மீட்க முடியாது. ஊரோடு சேர்ந்துதான் முடியும்.

வெளிநாட்டு மலைகளில் என்ன நடந்தது?

கொல்லிமலையில் கிடைத்த அனுபவம் தனித்தது இல்லை. இதே மாதிரி, ஆனால் வேறு சிக்கல்களோடு, இரண்டு மலை நாடுகளில் நடந்ததைப் பார்க்கலாம்.

நேபாளம்: அன்னபூர்ணா மலைப் பகுதியில் உள்ள சோம்ரோங், காந்த்ருக் கிராமங்களில் நெல் விளைகிறது. ஆனால் அது உயரமான இடம். குளிரில் கதிர் பதராகிவிடும். சமவெளியில் உருவாக்கிய ரகங்கள் அங்கே எடுபடவில்லை. விஞ்ஞானிகள் ஊரின் பாரம்பரிய நெல்லான 'சோம்ரோங்' ரகத்தை, ஜப்பானிய வழி வந்த ஒரு ரகத்தோடு கலப்பினம் செய்தார்கள். ரகம் முழுசாக உருவாகும்வரை காத்திருக்காமல், பாதியிலேயே விதைகளை விவசாயிகள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் வயலிலேயே விதைத்து, தங்களுக்குப் பிடித்த கதிர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தார்கள். அப்படி வந்த 'மச்சாபுச்ரே-3' ரகத்தை 1996-ல் நேபாளம் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன்பே அதை விவசாயிகள் தங்கள் வயலில் வளர்த்துப் பார்த்திருந்தார்கள்.

பெரு: ஆண்டிஸ் மலையில், குஸ்கோ பகுதியின் பிசாக் அருகே 'உருளைக்கிழங்குப் பூங்கா' இருக்கிறது. பூங்கா என்றால் வேலி போட்ட தோட்டம் இல்லை. கெச்சுவா பழங்குடி ஊர்கள் சேர்ந்து தங்கள் நிலத்தை ஒன்றாக நிர்வகிக்கும் ஏற்பாடு. அங்கே நூற்றுக்கணக்கான உள்ளூர் உருளை ரகங்கள் விளைகின்றன. லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு 2004-ல் இந்த ஊர்கள் ஓர் ஒப்பந்தம் போட்டன. முன்பு சேகரித்துக் கொண்டுபோன ரகங்களை, நச்சுயிரி நோய் நீக்கி, திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். 400-க்கும் மேற்பட்ட ரகங்கள் மலைக்குத் திரும்பி வந்தன.

வெப்பநிலை உயர்வதால் உருளைப் பயிர் மலையில் மேலே மேலே நகர வேண்டியிருக்கிறது. மலை உச்சிக்கு மேல் நிலம் இல்லை. எந்த ரகம் எந்த உயரத்தில் தாக்குப்பிடிக்கிறது என்பதை ஊர்க்காரர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து சோதிக்கிறார்கள். 2015-ல் இந்த ஊர்கள் தங்கள் உருளை விதைகளை நார்வேயின் ஸ்வால்பார்ட் உலக விதைக் களஞ்சியத்துக்கும் அனுப்பின.

பெருவில் கவனிக்க வேண்டிய விஷயம் உரிமை. விதை யாருடையது, யார் எடுத்துப் போகலாம், திருப்பித் தருவது யார் என்பது எழுத்தில் இருந்தது. இந்தியாவிலும் 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. விதையைச் சேமிக்கவும், பகிரவும், வணிகப் பெயர் ஒட்டாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. பாரம்பரிய ரகங்களை விவசாயிகள் பெயரிலேயே பதிவு செய்யலாம்.

சரி, கொல்லிமலை ஜெயித்ததா?

நேர்மையான பதில்: பாதி.

விதைகள் காப்பாற்றப்பட்டன. அழிந்துபோயிருக்க வேண்டிய ரகங்கள் ஊர் விதை வங்கிகளில் இருக்கின்றன. இயந்திரம் வந்த ஊர்களில் உலக்கை வேலை குறைந்தது. பெண்கள் குழுக்கள் சிறுதானிய மாவு, சத்துமாவு போன்றவற்றைத் தயாரித்து விற்கக் கற்றுக்கொண்டன. ஆனால் மரவள்ளி போன இடத்தை எல்லாம் சாமை திரும்பப் பிடித்துவிடவில்லை.

காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவையே:

* திட்டத்தின் ஆயுள்: ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குத்தான். பழுதான இயந்திரத்துக்கு ஆறாவது ஆண்டில் உதிரிபாகம் யார் வாங்குவது?
* இடைவெளி: நகரத்தில் சாமை அரிசி விலை ஏறினாலும், மலையில் உமியோடு விற்பவருக்கு அந்த விலை வராது. உமி நீக்குவது, தீட்டுவது, பாக்கெட் போடுவது என ஒவ்வொரு கட்டத்திலும் லாபம் கீழேயே நின்றுவிடுகிறது.
* ஆதார விலை இல்லை: மத்திய அரசு கேழ்வரகு, சோளம், கம்புக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு கேழ்வரகு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்தப் பட்டியலில் சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் இடமே இல்லை.

மரவள்ளி மட்டும் பாதுகாப்பானதா?

அதுவும் இல்லை. கிழங்கு விலையை நிர்ணயிப்பது அதில் உள்ள மாவுச்சத்தின் 'பாயின்ட்'. ஆலை எடுப்பு குறைந்தால் விலை விழும். சரிவில் மண்ணைக் கிளறிக் கிழங்கு பிடுங்குவதால் மழைக்கு மேல்மண் கரையும்.

நோயும் பூச்சியும் தனி. 2020-ல் கேரளத்தில் ஒரு வெளிநாட்டு மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதல்முறையாக மரவள்ளியில் கண்டறியப்பட்டது. விரைவில் தமிழகத்தின் மரவள்ளி வயல்களுக்கும் அது பரவியது. ஒரே பயிரை நம்பி இருந்த விவசாயிகள் திணறினார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் களத்தில் விடப்பட்டது. அந்தப் பூச்சியைத் தின்று கட்டுப்படுத்தும் இயற்கை எதிரி அது.

இந்த முயற்சி முக்கியமானது. ஆனால் அது ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறது. பத்து வகைப் பயிர் இருந்த இடத்தில் ஒரே பயிர் நிற்கும்போது, ஒரு பூச்சி போதும் மொத்த மலையையும் ஆட்டிப் படைக்க. அதற்காக 'மரவள்ளியை விட்டுவிடு' என்று விவசாயியிடம் சொல்லவும் முடியாது. அவருக்கு ரொக்கம் தருவது அதுதான். மரவள்ளியோடு சிறுதானியமும் இருக்கட்டும் என்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி.

அரசு என்ன செய்கிறது?

சிறுதானிய இயக்கத்தை வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. 2023 மத்திய பட்ஜெட்டில் சிறுதானியங்களுக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் சூட்டப்பட்டு, ஹைதராபாத்தில் உள்ள சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம் சிறப்பு மையமாக உயர்த்தப்படும் என்று சொல்லப்பட்டது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கியது.

கேழ்வரகுக்கு இது சாத்தியமானது எதனால்? ஆதரவு விலை இருக்கிறது, அரசு கொள்முதல் செய்ய வழி இருக்கிறது, வாங்கிய வீட்டில் உமி நீக்க வேண்டியதில்லை. சாமைக்கு இந்த மூன்றுமே இல்லை. ரேஷனில் சாமை வர வேண்டுமானால் முதலில் மலையடிவாரத்திலேயே, முடிந்தால் மலை மேலேயே, உமி நீக்கும் வசதி வேண்டும்.

இனி என்ன கேட்க வேண்டும்?

பருவம் தவறிய மழை, ஏறும் வெப்பம், புதுப்புதுப் பூச்சி என மலை விவசாயத்துக்கு நெருக்கடி கூடிக்கொண்டே போகிறது. புதிய திட்டங்களும் வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டாலே எது உண்மையான முயற்சி என்று தெரிந்துவிடும்.

1. கேள்வியை யார் முடிவு செய்தது? சிக்கல் என்ன என்பதை ஊர்க்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், சொன்னார்களா? அல்லது கோப்பில் முன்பே எழுதி வைத்திருந்தார்களா?

2. வேலை யார் தோளில் விழும்? புதிய பயிரோ ரகமோ வந்தால் கூடும் உழைப்பு யாருடையது, வரும் காசு யாருடையது?

3. நிதி முடிந்த மறுநாள் என்ன ஆகும்? விதை வங்கிச் சாவி யாரிடம்? இயந்திரம் நின்றால் பழுது பார்ப்பது யார்?

நகரத்தில் ஒரு கிலோ சாமை வாங்குபவர், தான் ஒரு பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கலாம். அந்த சாமை எந்த மலையில் விளைந்தது, அதன் உமியை யார் நீக்கினார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது பாக்கெட்டின் மேல் அச்சாகியிருக்காது. கொல்லிமலைப் பெண்களிடம் கேட்ட பிறகுதான் ஆராய்ச்சியாளர்களுக்கே உரல் கண்ணில் பட்டது. அடுத்த திட்டம் மலையேறும்போதும் முதல் கூட்டம் அந்த வீட்டு வாசலில் நடந்தால், சாமைக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.